எடி கெரேரோவை ரசிகர்கள் இன்றும் கொண்டாடுவது ஏன்?

கேள்வி இதுதான்: டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தில் வீரர் எடி கெரேரோ உலகப் பட்டத்தை வென்றது ஒரே ஒரு முறை. அதையும் நாலரை மாதம் நிறைவதற்குள் இழந்துவிட்டார். அவர் மறைந்து 20 ஆண்டுகள் கடந்துவிட்டன. திரையில் அவர் செய்ததெல்லாம் பொய், பித்தலாட்டம், திருட்டு. முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படும் ஒரு விளையாட்டில், அதுவும் ஏமாற்றுக்காரராகவே வலம்வந்த ஒருவரை, பத்து முறைக்கு மேல் பட்டம் வென்றவர்களைவிட ரசிகர்கள் ஏன் நெருக்கமாக நினைத்துக்கொள்கிறார்கள்?

எடி ஏமாற்றியது எதிராளியையும் நடுவரையும்தான். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களை அவர் தம் உடந்தையாக்கிக்கொண்டார். அந்த உடந்தை உறவே இன்றுவரை நீடிக்கிறது என்பது என் பதில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் விளங்கும்.

தொழில்முறை மல்யுத்தத்தில் வில்லன்கள் ஏமாற்றுவது காலங்காலமாக இருந்துவரும் வழக்கம். நடுவர் திரும்பிய நேரத்தில் கண்ணில் விரலை விடுவது, கயிற்றில் காலை ஊன்றிக்கொண்டு எதிராளியை அமுக்குவது, இடுப்புக்குக் கீழே உதைப்பது எல்லாம் வில்லனுக்கு அரிச்சுவடி. அதைப் பார்க்கும் கூட்டம் ஆத்திரப்பட வேண்டும், நடுவரைத் திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கத்த வேண்டும். அந்த ஆத்திரத்தில்தான் வில்லனின் பிழைப்பு ஓடுகிறது. எடியின் ஆட்டத்தில் இது தலைகீழாக நடந்தது. அவர் தம் வேலையை ஆரம்பித்ததும், நடுவர் இப்போது திரும்பிவிடக் கூடாதே என்று கூட்டம் பதறியது.

அவருடைய நாற்காலி வித்தையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவர் அடிபட்டுக் கீழே கிடப்பார், அல்லது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். எடி ரிங்குக்கு வெளியே போய் ஓர் இரும்பு மடக்கு நாற்காலியை எடுத்துவருவார். எதிராளியை அதனால் அடிக்கப்போகிறார் என்று எல்லோரும் நினைக்கும்போது, நாற்காலியைத் தரையில் ஓங்கி ஒரு அடி அடிப்பார். அந்தச் சத்தம் நடுவரின் காதுக்காக. அடுத்த நொடி நாற்காலியை எதிராளியின் கையில் தூக்கிப் போடுவார். ஒரு பொருள் தன்னை நோக்கி வந்தால் எவரும் பிடிக்கத்தான் செய்வார், அவரும் பிடித்துவிடுவார். உடனே எடி தலையைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட மரம்போல் மல்லாந்து விழுவார். நடுவர் திரும்பிப் பார்க்கும்போது ஒருவர் கையில் நாற்காலி, இன்னொருவர் தரையில். எதிராளி தலையை ஆட்டி மறுக்கிறார், கையை விரிக்கிறார், ஆனால் நாற்காலி கையில்தான் இருக்கிறது. எடியோ ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்து நிலவரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறார். தகுதிநீக்கத்தால் வெற்றி எடிக்கு.

இதில் கவனிக்க வேண்டியது, யார் மீதும் ஓர் அடிகூட விழவில்லை என்பது. மற்ற வில்லன்கள் நாற்காலியால் மண்டையைப் பிளந்தார்கள்; எடி நாற்காலியால் யாரையும் தொடாமலே வென்றார். நடுவர் தம் கண்ணால் பார்த்ததை வைத்து மட்டுமே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற விதியையே அவர் ஆயுதமாக்கிக்கொண்டார். அந்த ஒற்றைக் கண் திறப்பு நடுவருக்குத் தெரியாது, எதிராளிக்கும் தெரியாது. அரங்கத்துக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமே தெரியும். ரகசியத்தில் பங்கு கொடுக்கப்பட்டவன் காட்டிக்கொடுக்க மாட்டான். எத்தனுக்கு எத்தனாக ஒருவர் வரும் கதையைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்த இடத்தில் வரும் சிரிப்பு தானாகவே வரும்.

அவருடைய உடலமைப்பும் இதற்கு உதவியது. உயரம் சுமார் ஐந்தடி எட்டங்குலம். ஆறரை அடி ஆட்கள் நடமாடும் தொழிலில் அது குள்ளம். தன்னைவிட இரு மடங்கு பலசாலியை வெல்ல மூளையைத் தவிர வேறு வழி இல்லாத ஒருவர் குறுக்கு வழியில் போகும்போது அதைக் குற்றம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: அவருக்கு நேர்வழியில் மல்யுத்தம் நன்றாகவே தெரியும். அந்தத் தலைமுறையில் அவரைவிடத் தேர்ந்த கைகாரர்கள் மிகச் சிலரே. தெரியாதவன் ஏமாற்றினால் அது பலவீனம். எல்லாம் தெரிந்தவர் வேண்டுமென்றே ஏமாற்றியதால்தான் அது குறும்பாகத் தெரிந்தது.

அந்தத் தேர்ச்சி குடும்பச் சொத்து. எடி 1967 அக்டோபர் 9 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டியிருக்கும் எல் பாசோ நகரில் பிறந்தார். தந்தை கோரி கெரேரோ, லூச்சா லிப்ரே எனப்படும் மெக்சிகோ பாணி மல்யுத்த உலகில் பெரும் நட்சத்திரம். முகமூடி வீரர் எல் சாண்டோவுடன் இணைந்து அவர் ஆடிய ஜோடியை மெக்சிகோ மறக்கவில்லை. அண்ணன்கள் சாவோ, மாண்டோ, ஹெக்டர் மூவரும் மல்யுத்த வீரர்கள். எல் பாசோவில் தந்தை நடத்திய நிகழ்ச்சிகளின் இடைவேளையில், சிறுவன் எடியும், ஏறக்குறைய ஒத்த வயதுடையவனும் அண்ணன் சாவோவின் மகனுமான இன்னொரு சாவோவும் ரிங்கில் ஏறி மல்லுக்கு நின்று கூட்டத்தை மகிழ்விப்பார்களாம். கூட்டத்தின் சிரிப்பு எந்த நொடியில் எழும் என்ற கணக்கு அந்த வயதிலேயே பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

1987-இல் மெக்சிகோவில் தொழிலுக்கு வந்த எடிக்கு முதலில் கிடைத்தது தந்தையின் நிழல். எல் சாண்டோவின் மகனும் கோரியின் மகனும் சேர்ந்து தந்தையரின் ஜோடியைப் புதுப்பித்தார்கள். நல்லவர்களாக ஆடினார்கள், கூட்டம் மரியாதையாகக் கைதட்டியது, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பின்னர் எடி சாண்டோவின் மகனுக்குத் துரோகம் செய்து, ஆர்ட் பார் என்ற அமெரிக்கருடன் சேர்ந்துகொண்டார். மெக்சிகோ ரத்தம் ஓடும் ஒருவர், அந்நாட்டின் தெய்வம்போன்ற பெயரைச் சுமக்கும் குடும்பத்துக்கு எதிராக, அமெரிக்கத் திமிர் பிடித்தவராக நடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அரங்கம் கொந்தளித்தது. 1994 நவம்பர் 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் இந்த ஜோடி சாண்டோவின் மகனையும் ஆக்டகோனையும் எதிர்த்து ஆடிய போட்டியில் ஒரு பக்கம் முகமூடி பணயம், மறு பக்கம் தலைமுடி பணயம். எடியும் பாரும் தோற்று மொட்டையடித்துக்கொண்டார்கள். லூச்சா லிப்ரே வரலாற்றின் மிகச் சிறந்த ஜோடிப் போட்டிகளில் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

அதே மாதம் 23-ஆம் தேதி ஆர்ட் பார் திடீரென இறந்தார். மேல் கயிற்றிலிருந்து பாய்ந்து, நடுவானில் கைகால்களை ஒருமுறை மடக்கி விரித்து எதிராளியின் மீது விழும் ஃபிராக் ஸ்பிளாஷ் அவருடைய அடி. எடி அதை நண்பரின் நினைவாகத் தம்முடையதாக்கிக்கொண்டு கடைசிவரை பயன்படுத்தினார். ஆகவே இன்று யாராவது எடியின் நினைவாக அந்த அடியைப் போடும்போது, ஏற்கெனவே ஒரு நினைவஞ்சலியாக இருந்ததற்கு இன்னோர் அஞ்சலி செலுத்துகிறார்.

ஜப்பானில் பிளாக் டைகர் என்ற முகமூடிக்குள் ஆடிய ஆண்டுகளையும், இ.சி.டபிள்யூ. என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தில் டீன் மலென்கோ என்ற வீரருடன் மோதிய 1995-ஐயும் விரிவாகச் சொல்ல இடமில்லை. 1995 ஆகஸ்டில், அவ்விருவரும் அந்த நிறுவனத்தைவிட்டுப் போகும் கடைசிப் போட்டியில், வில்லன்களையும் ரத்தக்களரியையும் கொண்டாடப் பெயர்போன அந்த பிலடெல்பியாக் கூட்டம் போகாதீர்கள் என்று சேர்ந்து கெஞ்சியதை மட்டும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

ஆனால் 1997 அக்டோபர் 26 அன்று லாஸ் வேகாஸில் டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற மல்யுத்த நிறுவனம் நடத்திய ஹாலோவீன் ஹாவக் நிகழ்ச்சியில் ரே மிஸ்டீரியோவுடன் நடந்த போட்டியை அப்படிக் கடந்துபோக முடியாது. எடை குறைந்த வீரர்களுக்கான எடியின் க்ரூஸர்வெயிட் பட்டம் ஒரு பக்கம், ரேயின் முகமூடி மறு பக்கம். அப்போது ரேக்கு 22 வயது. உடம்போடு ஒட்டிய ஊதா நிற முழு உடையில் வந்தார். எடி போட்டி நெடுக ஒரே ஒரு காரியத்தில் குறியாக இருந்தார்: அந்த முகமூடியைக் கிழிப்பது. ரே கயிற்றில் துள்ளி, பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து, எடியின் தலையைப் பற்றிக் கீழே சாய்த்த இடத்தை எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் இரு உடல்களும் எப்படி அங்கே வந்து சேர்ந்தன என்பது புரியாது. பறந்தவருக்குத்தான் பெரும்பாலும் பாராட்டுப் போகிறது. பறக்கிறவரைச் சரியான இடத்தில், சரியான நொடியில் வாங்கிக்கொள்கிறவர் இல்லாவிட்டால் ஒருவர் கழுத்து முறிந்திருக்கும். கடைசியில் எடி ரேயை மேல் கயிற்றிலிருந்து தூக்கி எறிய முயல, ரே அதையே திருப்பி அவரைத் தரையில் அமுக்கிப் பட்டத்தை வென்றார். பதினான்கு நிமிடம்கூட ஓடாத அந்த ஆட்டத்தில் ஒரு வீணான அசைவு கிடையாது. எடி தோற்ற போட்டி இது என்பதையும் கவனியுங்கள். எதிராளியை ஒரு படி உயர்த்திவிட்டுப் போகும் தோல்விகள் அவருக்கு நிறைய உண்டு. சக வீரர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்வது அதைத்தான்.

இனி அவருடைய சொந்த வாழ்க்கைக்கு வருகிறேன், ஏனென்றால் ரசிகர்களின் பாசத்தில் பாதி அங்கிருந்து வந்தது. 1999-இன் முதல் நாளில் நடந்த கார் விபத்தில் எடி உயிர் பிழைத்ததே பெரிது. வலிநிவாரண மாத்திரைகளும் மதுவும் அவரைப் பிடித்துக்கொண்டன. 2000 ஜனவரியில், அப்போது டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயரில் இருந்த இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சேர்ந்து, முதல் போட்டியிலேயே ஃபிராக் ஸ்பிளாஷ் போடும்போது முழங்கை மூட்டு விலகியது. முடிவு தீர்மானிக்கப்பட்ட ஆட்டம்தானே என்று சொல்பவர்கள் அந்தக் கையை ஒருமுறை பார்க்கலாம். 2001-இல் நிறுவனமே அவரை மறுவாழ்வு சிகிச்சைக்கு அனுப்பியது. அதே ஆண்டு நவம்பரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் கைதாகி வேலையையும் இழந்தார். மனைவி விக்கியும் பிரிந்திருந்தார்.

அடுத்த சில மாதங்கள் சிறு சிறு அரங்குகளில் ஆடிப் பிழைத்தார். 2002 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ரிங் ஆஃப் ஹானர் நிறுவனம் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியபோது அதில் ஆடியவர்களில் அவரும் ஒருவர். குடியை விட்டார், மாத்திரையை விட்டார், குடும்பத்தோடு மீண்டும் சேர்ந்தார். 2002 ஏப்ரலில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். அவரைத் திரும்ப அழைத்தது. இவை எதுவும் மூடிமறைக்கப்படவில்லை. அவரே வெளிப்படையாகப் பேசினார். எனவே 2002-க்குப் பிறகு அவரைப் பார்த்தவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு பேரைப் பார்த்தார்கள்: திரையில் பொய் சொல்லித் திரியும் எத்தன் ஒருவர், திரைக்குப் பின்னால் நாளுக்கு நாள் தம்மோடு போராடும் நேர்மையான மனிதர் ஒருவர்.

அந்த எத்தன் வேடம் முழு வடிவம் பெற்றது 2002-இல், அண்ணன் மகன் சாவோவுடன் லாஸ் கெரேரோஸ் என்ற ஜோடியாக வந்தபோதுதான். இருவரும் ஊரை ஏமாற்றித் திரியும் குறும்படத் துண்டுகள் வாராவாரம் வந்தன. பொய் சொல்வோம், ஏமாற்றுவோம், திருடுவோம் என்பதே கொள்கை முழக்கம். மெக்சிக அமெரிக்கர் என்றால் திருடர் என்ற இழிவான பழைய பிம்பத்தின் மேல்தான் இந்த வேடம் கட்டப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் அது அசிங்கமாகவே முடிந்திருக்கும். எடி அதை ஏற்று, அந்த பிம்பத்தை நம்புகிறவர்களையே முட்டாளாக்கும் விதத்தில் திருப்பிப் போட்டார். குதித்துக் குதித்து வரும் லோரைடர் காரில் நுழைவதும், நம் இனம் வாழ்க என்று பொருள்படும் விவா லா ராசா என்ற முழக்கமும் அந்தச் சமூகத்துக்குப் பெருமிதமாகவே போய்ச் சேர்ந்தன. களவும் கற்று மற என்பார்கள். இவர் மறக்கவே இல்லை, கற்றதை அரங்கத்துக்கே கற்றுக்கொடுத்தார்.

இவ்வளவும் வந்து சேரும் இடம் 2004 பிப்ரவரி 15. சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியில் உள்ள கவ் பேலஸ் அரங்கில் நோ வே அவுட் நிகழ்ச்சி. பட்டம் வைத்திருந்தவர் பிராக் லெஸ்னர். எடியைவிட ஏழு அங்குலம் உயரம், எடையோ 130 கிலோவுக்கு மேல். போட்டிக்கு முந்தைய வாரங்களில் கதையே எடியின் போதைப் பழக்கத்தைச் சுற்றிப் பின்னப்பட்டது. லெஸ்னர் அதைச் சொல்லிக் கேலி செய்தார். எடி அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு பேசினார். அரை மணி நேரம் நீண்ட ஆட்டத்தின் முதல் பாதியில் லெஸ்னர் அவரைத் துணி உதறுவதுபோல் உதறினார். எடி லெஸ்னரின் ஒரு காலை மட்டும் குறிவைத்து மெல்ல மெல்ல அரித்தார். நடுவர் விழுந்து கிடந்தபோது, லெஸ்னர் மீது தனிப்பகை கொண்டிருந்த கோல்ட்பர்க் உள்ளே வந்து மோதிவிட்டுப் போனார். எடி அமுக்கினார்; தோள்கள் தரையில் இருக்க நடுவர் மூன்று எண்ணினால் வெற்றி, ஆனால் இரண்டு எண்ணியதும் லெஸ்னர் தோளைத் தூக்கிவிட்டார். அங்கே போட்டியை முடித்திருந்தால் அது கோல்ட்பர்க்கின் வெற்றியாகியிருக்கும். பின்னர் பட்டத்தின் இடைவாரை எடுத்து அடிக்கப்போன எடியை லெஸ்னர் தோளில் தூக்க, எடி சுழன்று இறங்கி அவர் தலையை அந்த இடைவாரின் மேலேயே மோதவைத்தார். உடனே இடைவாரை ரிங்கைவிட்டு அப்புறப்படுத்திய அந்தச் சாமர்த்தியத்தைப் பாருங்கள். பிறகு மேல் கயிறு, ஃபிராக் ஸ்பிளாஷ், மூன்று.

ஆட்டம் முடிந்ததும் எடி கூட்டத்துக்குள்ளேயே பாய்ந்தார். அரங்கில் அவருடைய தாயும் இருந்தார். அழுதுகொண்டிருந்தது அந்தக் குடும்பம் மட்டும் அல்ல. முடிவு எழுதப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டே கால் ஆண்டுகளுக்கு முன் வேலையும் இல்லாமல், குடும்பத்தையும் பிரிந்து நின்ற ஒருவரை நம்பி ஒரு நிறுவனம் தன் தலைமைப் பட்டத்தைக் கொடுக்கிறது என்பது எழுதப்பட்ட கதைக்கு வெளியே உள்ள செய்தி. கூட்டம் கைதட்டியது அந்தச் செய்திக்கு.

அடுத்த மாதம், மார்ச் 14 அன்று, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெசில்மேனியாவின் 20-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. எதிராளி கர்ட் ஆங்கிள், ஒலிம்பிக் தங்கம் வென்ற உண்மையான மல்யுத்த வீரர். அவருடைய பிடி கணுக்காலை முறுக்குவது. எடி போட்டியின் நடுவே சத்தமில்லாமல் தம் காலணியின் கயிற்றைத் தளர்த்தினார். ஆங்கிள் பாய்ந்து கணுக்காலைப் பிடித்து முறுக்கியபோது காலணி மட்டும் கையோடு போனது, எடியின் கால் தப்பியது. திகைத்து நின்றவரை அப்படியே சுருட்டி மூன்று எண்ணவைத்தார். விதிப்படி இதில் எந்தத் தவறும் இல்லை என்று வாதாடும் ரசிகர்களுடன் நான் முழுமையாக உடன்படுகிறேன்.

பட்டம் அவருக்குச் சுமையாகவே இருந்தது என்று அவரோடு பழகியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். டிக்கெட் விற்பனை குறைந்தால் அது தம் தோல்வி என்று எடுத்துக்கொள்வாராம். மே மாதத்தில் ஜேபிஎல் என்ற வீரருடன் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த போட்டியில் அவர் சிந்திய ரத்தத்தை இப்போது பார்க்கும்போது ரசிக்க முடியவில்லை. ஜூன் 27 அன்று அதே ஜேபிஎல்லிடம் பட்டத்தை இழந்தார்.

2005-இல் மீண்டும் வில்லனானார். பழைய நண்பர் ரே மிஸ்டீரியோவின் மகன் டொமினிக்குக்கு உண்மையான தந்தை தாம்தான் என்று சொல்லி, அந்தச் சிறுவனின் வளர்ப்புரிமைக்காக ஆகஸ்டில் ஏணிப் போட்டி ஆடினார்கள். கதை அபத்தம். ஆனால் அந்தப் பிள்ளையைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் உண்மையிலேயே ஒரு கொடூரம் இருந்தது. அந்தப் போட்டியில் விக்கி வந்து ஏணியைத் தள்ள வேண்டிய நேரத்தில் வரத் தாமதிக்க, ஏணி உச்சியில் செய்வதறியாது நின்ற எடி, விக்கி எங்கே என்று பொறுமையிழந்து கத்தியது ஒலிபரப்பில் கேட்டுவிட்டது. ரசிகர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

2005 நவம்பர் 11 அன்று ஒளிபரப்பான ஸ்மாக்டவுன் என்ற வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கென் கென்னடியுடன் அவர் ஆடியதே கடைசிப் போட்டி. அதில் அவர் வென்றது அந்த நாற்காலி வித்தையால். அடுத்த இரண்டாம் நாள், நவம்பர் 13 அன்று காலை, மின்னியாபொலிஸ் நகர விடுதி அறையில் அண்ணன் மகன் சாவோ அவரை உயிரற்ற நிலையில் கண்டார். வயது 38. ரத்தநாளங்கள் குறுகிப்போனதால் வந்த இதயச் செயலிழப்பு என்றது பிரேதப் பரிசோதனை. நான்கு ஆண்டுகளாகப் போதையைத் தொடாமல் இருந்தவர். பழைய ஆண்டுகள் உடலில் எழுதிவைத்த கணக்கு அழியவில்லை. அன்றே அதே நகரில் வாராந்திர நிகழ்ச்சிகள் இரண்டும் அஞ்சலியாகப் பதிவு செய்யப்பட்டன. வீரர்கள் அனைவரும் மேடையில் நிற்க, பத்து முறை மணி அடிக்கப்பட்டது. சாவோ ஜேபிஎல்லை ஃபிராக் ஸ்பிளாஷ் போட்டு வென்றார். மூன்று மாதங்களில் டபிள்யூ.டபிள்யூ.இ. வீரர்களுக்கான மருந்துப் பரிசோதனை, இதயப் பரிசோதனைத் திட்டத்தை அறிவித்தது. அது எடியின் மரணத்தின் நேரடி விளைவு.

அதன் பிறகு நடந்த சில காரியங்களை ரசிகர்கள் மன்னிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2006-இல் ரே மிஸ்டீரியோ ராயல் ரம்பிள் என்ற பெரும் போட்டியையும் உலகப் பட்டத்தையும் வென்றதை எடிக்குக் காணிக்கையாக்கியது சரி. ஆனால் எதிராளி ராண்டி ஆர்டனை வைத்து, எடி நரகத்தில் இருக்கிறார் என்று பேசவைத்தார்கள். மண்ணில் புதைத்து நான்கு மாதம் ஆகாத ஒருவரின் பெயரை வைத்துக் கதை ஓட்டினார்கள். கூட்டம் வில்லனைத் திட்டவில்லை, எழுதியவர்களைத் திட்டியது. இன்னொரு நெருடல் வேறு வகை. ரெசில்மேனியா 20-இன் இறுதியில் எடியும் சக வீரர் கிறிஸ் பென்வாவும் பட்டங்களோடு கட்டித்தழுவிய காட்சி ஒரு காலத்தில் ரசிகர்களின் நெஞ்சில் இருந்தது. 2007 ஜூனில் பென்வா தம் மனைவியையும் மகனையும் கொன்று தற்கொலை செய்துகொண்ட பிறகு அதை யாரும் முன்போல் பார்க்க முடியவில்லை. எடியின் சிறந்த நாளின் ஒரு மூலை அப்படிப் பறிபோனது.

இன்றைக்கு அந்த நினைவு எப்படி வாழ்கிறது என்றால், பெரும்பாலும் கைகால் அசைவுகளில். எதிராளியைத் தூக்கி முதுகுப்பக்கமாகச் சாய்த்து, பிடியை விடாமல் இடுப்பை ஆட்டி எழுந்து, மறுபடி, மறுபடி என்று மூன்று முறை போடும் அடிக்கு அவர் வைத்த பெயர் த்ரீ அமிகோஸ். எந்த நிறுவனத்தில், எந்த நாட்டில், யார் அதை ஆரம்பித்தாலும் இரண்டாவது முறைக்குள் அரங்கம் எடி, எடி என்று முழங்கத் தொடங்கிவிடுகிறது; போடுகிறவரின் பெயரை அந்த அரை நிமிடத்துக்கு யாரும் நினைப்பதில்லை. எடியைப் பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்ததாகச் சொல்லும் மல்யுத்த வீராங்கனை சாஷா பேங்க்ஸ், 2016 ரெசில்மேனியாவில் அவரை நினைவூட்டும் உடையில் வந்தார். அன்று எட்டு வயதுப் பையனாக ஏணியின் அடியில் நின்ற டொமினிக் இன்று முழுநேர மல்யுத்த வீரர். ஏமாற்றிப் பிழைக்கும் வில்லன் வேடம், எடியின் அடிகள், நாற்காலி வித்தை எல்லாம் அவரிடம் இருக்கின்றன. பிள்ளை யாருடையது என்பது இப்போதாவது தெரிந்துவிட்டது என்று ரசிகர்கள் கேலி செய்வதில், 2005-இன் அபத்தக் கதை எப்படியோ பாசமாக மாறியிருக்கிறது. 2023 ரெசில்மேனியாவில் அந்த மகனை எதிர்க்க வந்த ரே, அரங்குக்குள் நுழைந்தது ஒரு லோரைடர் காரில்.

எடியைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறீர்கள் என்றால், நேராகக் கவ் பேலஸ் போட்டிக்குப் போய்விடாதீர்கள். முன்கதை தெரியாமல் அது ஒரு நல்ல போட்டி, அவ்வளவே. முதலில் ஹாலோவீன் ஹாவக், அவர் கைத்திறனுக்காக. பிறகு லாஸ் கெரேரோஸ் காலத்துக் குறும்படத் துண்டுகள் நாலைந்து. அதன் பின் லெஸ்னர், அடுத்து ஆங்கிள். 2005-இன் பகை பிடித்திருந்தால் தொடருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். கென்னடியுடன் ஆடிய கடைசிப் போட்டி தரத்தில் சாதாரணம்தான். ஆனாலும் கடைசி இரண்டு நிமிடங்களைத் தவறவிட வேண்டாம். நாற்காலி கைமாறும் அந்த இடத்தில் எடியை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் முதல் வரிசையில் இருப்பவர்களின் முகங்களைக் கவனித்தால், நான் இவ்வளவு நீளமாகச் சொன்னதை உங்களுக்கு அவர்களே காட்டிவிடுவார்கள்.